போறும் என்று சிரித்தவள்

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். இது நடந்தது பட்டப்பகலில். தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே தையல் கடையும் மேலே ரெக்கார்டிங் தியேட்டரும் இருந்த ஒரு கட்டடத்தில். தொண்ணூற்றாறாம் வருஷம். நம்பாதவர்கள் கரீமுல்லாவைப் போய்ப் பார்க்கலாம். பதினைந்து வருஷம் சவுண்ட் என்ஜினீயராக இருந்தவர், இப்போது ராயப்பேட்டையில் பேட்டரி கடை வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "பேட்டரி சிரிக்காது சார்" என்பார்.

ஜெயபாரதி டப்பிங் கலைஞர். அந்த வருஷங்களில் டிவியில் அழுத கதாநாயகிகளில் பாதிப்பேர் அவள் தொண்டையால்தான் அழுதார்கள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் துணிக்கடை போட்ட குடும்பம். ஆனால் மைக் முன்னால் நின்றால் மதுரை, கோயம்புத்தூர், மயிலாப்பூர் எல்லாம் அவள் வாயில் வரும். ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசினால் எந்த ஊர், எந்த வீட்டுப் பேச்சு என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. யாராவது உச்சரிப்பில் தப்பு விட்டால் முகத்துக்கு நேரே திருத்துவாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் விடமாட்டாள்.

அம்மா இல்லாத வீடு. தங்கை அனுப்ரியாவை எட்டு வயதிலிருந்து வளர்த்தது இவள்தான். அந்த அனு ஒருநாள் வந்து, அடையாறில் தன் ஆபீஸுக்கு வந்துபோன ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பெயர் ஸ்ரீவத்சன். மயிலாப்பூர் சித்திரகுளத்துக்காரன். வேலை லண்டனில். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி விவாகரத்தும் ஆனவன். அப்பா ரெண்டு நாள் தள்ளிப்போட்டார். அப்புறம் மூத்தவளைக் கூப்பிட்டார்.

"நான் போய் யார்ட்டம்மா கேக்க? நீயே விசாரி. நீ சரின்னா சரி. நீ வேண்டாம்னா, அவ அழுதாலும் வேண்டாம்."

ஆக, அனுவின் வாழ்க்கை ஜெயபாரதியின் ஒரு சொல்லில் வந்து நின்றது.

ஸ்ரீவத்சனைப் பார்த்ததும் ஜெயபாரதிக்குப் பிடித்துவிட்டது. குரலை உயர்த்தாதவன். தமிழிலும் சரி, இங்கிலீஷிலும் சரி, பேச்சில் ஒரு பிசிறு கிடையாது. அனு எதையோ தப்பாகச் சொன்னபோது சிரித்துக்கொண்டே திருத்தினான். நம்ம ஆள் என்று ஜெயபாரதி நினைத்தாள். இருந்தாலும் விசாரிக்காமல் சொல்லக் கூடாது என்று, அப்பாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

அதே சமயத்தில்தான் ஜவஹருக்கு அந்த யோசனை வந்தது. ஜவஹர் டப்பிங் டைரக்டர். வாயைத் திறந்தால் வசவு. பிரிட்டிஷ் டிவியில் வரும் ஒரு தொடரைத் தமிழில் டப் செய்து கேபிள் சேனலுக்குப் போடவேண்டும் என்று கிளம்பினார். வாரம் ஒரு கதை. ஒவ்வொன்றிலும் வேறு வீடு, வேறு மனிதர்கள். யாராவது சாவார்கள், அதைப் பார்த்து நாம் சிரிப்போம். கடைசி நிமிஷத்தில் கதை தலைகீழாகப் புரளும், சிரித்த வாயை மூடிக்கொள்வோம். ஜவஹர் அதற்கு வைத்த பெயர் 'கடைசிக் குட்டு'. உரிமை வாங்கினாரா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. ஜெயபாரதி மூலமாக வீடியோ கேசட் கொடுத்தது ஸ்ரீவத்சன். லண்டனில் தன் வீட்டு டிவியிலிருந்து அவனே பதிவு செய்து வைத்திருந்தது.

முதல் கதையில் ரெண்டே பேர். புருஷன், பெண்டாட்டி. சாப்பாட்டு மேஜை. அவள் பரிமாறுகிறாள், பேசுகிறாள். அவள் எதைச் சொன்னாலும் அவன் திருத்துகிறான். 'சூப்' என்றால், அது சூப் இல்லை என்று வேறு பெயர் சொல்கிறான். ஸ்பூனை எடுத்தால் இந்த ஸ்பூன் இல்லை என்கிறான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னணியில் கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. கடைசியில் காமிரா பின்னால் நகரும்போதுதான் தெரிகிறது, பெண்டாட்டி நாற்காலியில் செத்து விறைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பரிமாறியதும் பேசியதும் அவன் கற்பனை; அவன் இத்தனை நேரம் திருத்தியது பிணத்தை. அதுதான் குட்டு. அந்தப் பிணத்துக்குத் தமிழில் குரல் கொடுக்கவேண்டியவள் ஜெயபாரதி.

டப்பிங்கில் படத்தை மொத்தமாக ஓட்டமாட்டார்கள். துண்டு துண்டாக, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பேசுகிறவள் கண்ணாடிக்கு உள்ளே, மெத்தை அடித்த சுவர்களுக்கு நடுவே, ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பாள். என்ஜினீயர் கண்ணாடிக்கு வெளியே. முதல் நாள் காலை, நாலாவது தடவை ஓட்டியபோது கரீமுல்லா டேப்பை நிறுத்தினார்.

"மேடம், இந்தச் சிரிப்புல இன்னாவோ கீது."

"என்ன இருக்கு?"

"நல்லா கேளுங்க. மொத்தமும் லேடீஸ். ஒரு ஆம்பள சிரிப்புகூட காணோம்."

ஜவஹர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கத்தினார். "ஏதாவது லேடீஸ் கிளப்பைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருப்பான்யா வெள்ளைக்காரன். உனக்கு ஆம்பளை சிரிச்சாத்தான் வேலை ஓடுமா? போடு டேப்பை."

டேப் ஓடியது. ஜெயபாரதி இப்போது வசனத்தை விட்டுவிட்டுச் சிரிப்பைக் கேட்டாள். கரீமுல்லா சொன்னது சரி. எல்லாம் பெண்கள். ஆனால் அவள் காதில் பட்டது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் தனியாகச் சிரித்தாள். மற்றவர்கள் எல்லாரும் புருஷன் திருத்திய பிறகு சிரித்தார்கள்.

இவள் முன்னாலேயே சிரித்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால். அவன் சொல்லப்போவது தெரிந்தவள் மாதிரி. சின்னச் சிரிப்பு, மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு.

"கரீம் பாய், இவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். அத வுடுங்க. மீட்டரப் பாருங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கூட்டம் சிரிக்கும்போது சத்தத்தை அளக்கும் முள் துள்ளியது. அவள் சிரிக்கும்போது... அசையவே இல்லை.

மறுநாள் மத்தியானம். ஜவஹர் சாப்பிடப் போயிருந்தார். கடைசிக் காட்சியை முடித்துவிடலாம் என்று ஜெயபாரதியும் கரீமுல்லாவும் மட்டும் இருந்தார்கள். கடைசித் துண்டு ஓடியது. பெண்டாட்டியின் கடைசி வசனம். அவன் திருத்துகிறான். கூட்டம் சிரிக்கிறது. அந்த ஒருத்தியும் சிரிக்கிறாள். சிரிப்புக்கு நடுவே ஒரு சொல். ஜெயபாரதி கையைக் காட்டினாள். திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும்.

"போறும்... போறும்..."

கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒரே ஒரு தடவை, சின்னக் குரலில்.

"போறும்."

பின்னோடு ஒரு தட்டு உடையும் சத்தம். அதோடு காட்சி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். பெயர் ஓடும் இடத்தில் டப்பிங்குக்கு வேலை இல்லை. கரீமுல்லா தட்டு உடைந்ததும் நிறுத்திவிடுவார்.

 லண்டனில் எடுத்த இங்கிலீஷ் நாடகம். அதில் தமிழ். அதுவும் 'போதும்' இல்லை, 'போறும்'. மயிலாப்பூர் ஐயங்கார் வீட்டுப் பேச்சு. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறவர்கள் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஆனால் அந்த மூச்சு... அது சிரிக்கிறவள் மூச்சு இல்லை.

"இன்னொரு தடவை போடுங்க கரீம் பாய்."

அவர் பட்டனை அமுக்கினார். அப்போது கரண்ட் போனது.

கண்ணாடிக்கு அப்பால் சின்ன விளக்குகள் அணைந்தன. ஏ.சி. முனகி நின்றது. அந்த மெத்தை அறைக்குள் கும்மிருட்டு. பகல் ரெண்டேகால் மணி என்று யாரும் சொல்லமுடியாது. ஜெயபாரதி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

டேப் ஓடவில்லை. ஓட வழியில்லை.

சிரிப்பு கேட்டது.

ஹெட்போனில் இல்லை. மைக் பக்கம்... இல்லை. பின்னால்.

மூச்சை உள்ளுக்கு இழுக்கும் அந்தச் சின்னச் சிரிப்பு. மெத்தை அடித்த அறையில் எதிரொலி இருக்காது. அவள் சிரிப்புக்கும் எதிரொலி இல்லை. அவ்வளவு பக்கத்தில்.

ஜெயபாரதி திரும்பவில்லை. கையை நீட்டிக் கதவைத் தேடினாள். மெத்தை. மெத்தை. பிடி அகப்படவில்லை.

சிரிப்பு நின்றது.

காதுக்குப் பின்னால் சூடான மூச்சு.

"போறும்."

அலறினாள்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. கரீமுல்லா டார்ச் விளக்கோடு நின்றார்.  

"மேடம்... சிரிச்சது நீங்களா?"

"வெளிய கேட்டுச்சா உங்களுக்கு?"

அவர் தலையசைத்தார். அந்தக் கண்ணாடிக்கு வெளியே சத்தம் வராது. அதற்காகவே கட்டிய அறை அது.

அன்றைக்கு ராத்திரி ஜெயபாரதி தூங்கவில்லை. பயம் ஒரு பக்கம். ஆனால் அவள் மூளை வேறு கணக்குப் போட்டது. கேசட் ஸ்ரீவத்சன் வீட்டிலிருந்து வந்தது. அதில் ஒரு மயிலாப்பூர்ப் பெண் குரல். 'போறும்' என்று கெஞ்சுகிறாள். அந்த வீட்டில் இருந்த மயிலாப்பூர்ப் பெண் யார்? முதல் பெண்டாட்டி நீரஜா. அவள் எங்கே? பிரிந்து போய்விட்டாள் என்கிறான் அவன். யார் பார்த்தது? ஒருவேளை அவள் எங்கேயுமே போகவில்லையென்றால்? அவள் குரல் இருந்த பழைய கேசட்டின் மேல் இந்த நாடகத்தைப் பதிவு செய்திருந்தால்?

விடிந்ததும் அனுவிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். நீரஜா கோட்டூர்புரத்தில் இருப்பதாகவும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றும் அனு சொன்னாள். "ஸ்ரீவத்சன்தான் சொன்னாரு. ஏன்க்கா?" என்றாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு ஜெயபாரதி ஆட்டோ பிடித்தாள்.

கணக்கு டீச்சர் என்று விசாரித்துப் போனதில், ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் ரெண்டாவது மாடி. கதவில் ஏதோ ஒரு பெயர் இருக்கவேண்டுமே என்று தேடினாள். இல்லை. மணியை அடித்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி மாட்டியபடியே ஒரு பெண்ணின் முகம்.

"யாரு வேணும்?"

"நீரஜாங்கறது..."

"நான்தான்."

 உயிரோடு இருக்கிறாள்!

"ஸ்ரீவத்சனைப் பத்தி ஒண்ணு கேக்கணும். என் தங்கச்சிய அவருக்கு..."

"அந்தப் பேரை என் வாசல்ல சொல்லாதேள்."

"ஒரே ஒரு கேள்விங்க. அவர் உங்களை அடிச்சாரா?"

நீரஜா இவளை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணில் சிநேகம் இல்லை.

"அடிக்கலை. ஒரு நாளும் கை ஓங்கலை. திருத்தினார்."

"திருத்தினாரா?"

"காலம்பர எழுந்துக்கறதுலேர்ந்து ராத்திரி படுத்துக்கற வரைக்கும். என் இங்கிலீஷ், என் நடை, நான் கரண்டி பிடிக்கறது. தூக்கத்துல பொரண்டு படுத்தாக்கூட." கதவுச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் உசுரோட வெளில வந்துட்டேன். எனக்கு அது போறும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ரெண்டு தாழ்ப்பாள் விழுந்தன.

படி இறங்கும்போது ஜெயபாரதிக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. 'போறும்' என்ற அந்தச் சொல்லை அவள் காது கொத்திக்கொண்டு வந்திருந்தது. நீரஜாவுடையது கட்டைக் குரல், மூக்கடியில் ஒலிக்கும். டேப்பில் இருப்பது இவள் இல்லை. நிச்சயமாக இல்லை. சரி, திருத்தினான் என்கிறாளே? திருத்துவது ஒரு குற்றமா? நான்கூடத்தான் நாள் முழுக்கத் திருத்துகிறேன். இதற்கா ஒருத்தி விவாகரத்து வாங்குவாள்? ரோஷக்காரி போலிருக்கிறது. ஜெயபாரதி அப்படித்தான் நினைத்தாள். எனக்கு இதை எழுதும்போதும் ஆத்திரம் வருகிறது. பள்ளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, வெறும் நிழல் என்று சொல்லிக் காலை வைத்தாள்.

"அப்ப அது யாரு மேடம்?" என்று கரீமுல்லா கேட்டார்.

"யாரா இருந்தா என்ன? நான் தேடினவ இல்ல, அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தாள்.

அப்பாவிடம் போய்ச் சரி என்றாள்.

சித்திரகுளத்து வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. பெண் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதே முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு பேசினாள். "எங்காத்துல ரசம்னு சொல்ற வழக்கமில்லை. சாத்தமுதும்போம். போதும்னு சொல்லமாட்டோம், போறும்போம். இதெல்லாம் இவளுக்கு யார் சொல்லிக்குடுக்கப் போறா?"

"நான் சொல்லிக்குடுக்கறேன் மாமி" என்றாள் ஜெயபாரதி. அதுதானே அவள் தொழில்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அதுதான் வேலை. 'வீட்டுல' இல்லை, 'ஆத்துல'. 'கொதிக்குது' இல்லை, 'கொதிக்கறது'. அனுவுக்கு எல்லாம் வந்தது, 'போறும்' மட்டும் வரவில்லை. 'போதும்' என்பது பேசத் தொடங்கியதிலிருந்து சொன்ன சொல். "போதும்க்கா, விடுக்கா" என்பாள். "போறும்னு சொல்லுடி" என்று ஜெயபாரதி அதட்டுவாள். "போதும்க்கா" என்பாள் மறுபடி. ரெண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரிப்பார்கள். "அங்க போனா தானா வந்துடும்" என்றாள் அனு. தாலி ஏறியது, விமானம் ஏறினாள், போய்விட்டாள்.

'கடைசிக் குட்டு' ஓடவில்லை. ஒரே வாரம் கேபிளில் போட்டார்கள். சிரிப்பு பயமாக இருக்கிறது என்று ஜனங்கள் போன் செய்ததாகச் சேனல்காரன் சொன்னான். ஜவஹர் ஒரு வாரம் எல்லாரையும் திட்டினார். கேசட் அலமாரிக்குப் போனது.

அனு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். முதலில் நிறையப் பேசினாள். போகப் போகக் குறைந்தது. ஒரு வாக்கியம் ஆரம்பித்து நிறுத்துவாள், வேறு மாதிரி ஆரம்பிப்பாள். பேச்சு மட்டும் சுத்தமாக மாறிக்கொண்டே வந்தது. தேறிவிட்டாளே என்று ஜெயபாரதிக்குப் பெருமைதான்.

அடுத்த வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிறு. சாயங்காலம் ஆறே முக்கால். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். போன் அடித்தது.

"அக்கா, நன்னா இருக்கியா? அப்பா எப்டி இருக்கார்?"

"இருக்காருடி. நீ என்ன பண்ற?"

"பரிமாறிண்டு இருக்கேன். ரசம்..."

பக்கத்திலேயே அவன் குரல். மெதுவாக, பிசிறில்லாமல். "சாத்தமுது."

"ஆமா, சாத்தமுது. அதான் சொல்ல வந்தேன்..."

"அந்தக் கரண்டி இல்லை."

அனு சிரித்தாள். அக்காவிடம் ஏதோ சொல்ல வந்தாள். சொல்லவில்லை. மறுபடி சிரித்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்தாள்.

மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு.

ஜெயபாரதி எழுந்து நின்றாள். டிவியை அணைக்கச் சொல்லி அப்பாவுக்குக் கையைக் காட்டினாள்.

"அனு... அனு, போனை வைக்காத. வெளிய போ. வாசக்கதவைத் திறந்து வெளிய போடி!"

"போறும்..." என்றாள் அனு. இவளிடம் இல்லை. "போறும்..."

இடைவெளி.

ஜெயபாரதிக்குத் தெரியும். அடுத்தது என்ன, எத்தனை மூச்சுக்குப் பிறகு, எந்த ஸ்தாயியில் வரும், எல்லாம் தெரியும். எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்!

சின்னக் குரலில்... ஒரே தடவை.

"போறும்."

தட்டு உடைந்தது.

லைன் அறுந்தது.

திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். மாடிப்படியில் கால் தடுக்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது என்றான். குரல் உயரவில்லை. ஜெயபாரதி கதறினாள். சாவுக்கு விசாரணை வைக்கச் சொல்வேன், உன்னை விடமாட்டேன் என்று கத்தினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னான்.

"விசாரணை இல்லை. இங்கே அதற்கு இன்க்வெஸ்ட் என்று பேர்."

அதுவும் நடந்தது. விபத்து என்று முடித்தார்கள். போனில் கேட்டதை ஜெயபாரதி எல்லா இடத்திலும் சொன்னாள். சிரித்த சத்தம்தானே கேட்டது என்றார்கள். சிரித்தாள் என்றால் சந்தோஷமாக இருந்தாள் என்றுதானே அர்த்தம் என்றார்கள்.

அப்பா கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜெயபாரதி தியேட்டருக்கு மறுபடி போனது ஆடி மாசத்தில். போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். கரீமுல்லா ஆள் அனுப்பினார், உடனே வரச் சொல்லி. போனபோது ஜவஹரும் அங்கே இருந்தார். வெற்றிலை இல்லை, வசவு இல்லை. மேஜை மேல் புது டேப் ஒன்று இருந்தது. இன்னொரு சேனல் அந்தத் தொடருக்கு முறையாக உரிமை வாங்கியிருக்கிறது. லண்டன் கம்பெனி அனுப்பிய ஒரிஜினல் அது. முதல் கதை, அதே கதை.

"கேளுங்க மேடம்" என்றார் கரீமுல்லா.

சாப்பாட்டு மேஜை. புருஷன். பெண்டாட்டி. அவள் 'சூப்' என்கிறாள். அவன் திருத்துகிறான்.

அமைதி.

அவள் ஸ்பூனை எடுக்கிறாள். அவன் திருத்துகிறான்.

அமைதி. கடிகாரம் மட்டும் டிக்டிக் என்கிறது.

கடைசியில் காமிரா பின்னால் நகர்கிறது. பிணம். ஒரு சத்தம் இல்லை. தட்டுகூட உடையவில்லை.

"சிரிப்பு எங்க?" என்றாள் ஜெயபாரதி.

ஜவஹர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "லண்டனுக்குப் போன் போட்டுக் கேட்டேம்மா. இந்த சீரியல்ல சிரிப்பே கிடையாதாம். எந்தக் கதையிலயும் கிடையாதாம். ஆளுங்களை உக்கார வெச்சு எடுத்ததே இல்லையாம்."

 ஜெயபாரதி ஒரே ஒரு குரலைத்தான் கூடுதல் என்று நினைத்திருந்தாள்.

அப்படியானால் அத்தனை பெண்கள்?

"பழசைப் போடுங்க" என்றாள்.

"வேணாம் மேடம்."

"போடுங்க கரீம் பாய்."

அலமாரியிலிருந்து ஸ்ரீவத்சன் கொடுத்த கேசட் வந்தது. ஓடியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை ஜெயபாரதி ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். ஒருத்தி கிழவி. ஒருத்தி சின்னப்பெண். ஒவ்வொருத்தியும் சிரிப்புக்கு நடுவே ஏதோ சொன்னாள். ஒவ்வொன்றும் ஒரு பாஷை. அவளுக்குத் தெரியாத பாஷைகள். ஆனால் எல்லாரும் சொன்னது ஒரே சொல்தான். அதற்கு அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த மேஜையிலோ திருத்தப்பட்டவர்கள்.

அப்புறம் அனு. அன்றைக்குப் பேச்சில் ஊரைத் தேடியவள், குரலில் தங்கையைத் தேடவில்லை.

"போறும்... போறும்..."

"போறும்."

தட்டு உடைந்தது. கரீமுல்லாவின் விரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போனது. எப்போதும் நிறுத்தும் இடம். ஜெயபாரதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர்கள் ஓடின. அந்த இடத்தை அதுவரை அவர்கள் கேட்டதே இல்லை. கூட்டத்தின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஒவ்வொருத்தியாக நிறுத்தினாள். கடைசியில் ஒருத்தி மட்டும் மிச்சம். அவள் இப்போது சிரிக்கவில்லை.

அவள் பேசியது மயிலாப்பூர்ப் பேச்சும் இல்லை. முதல் நாள் காலையிலேயே அந்த டேப்பில் இருந்தது அது. இன்னும் கால் நிமிஷம் ஓடவிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

"போதும்க்கா..."

"விடுக்கா... போதும்."